‘சேர் செட் ஐ வில் கம் லேட்’: அயற்கூற்றை நான் கம்பஸில் கற்ற கதை

இலங்கையில் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சையை எழுதுவதற்கு முன்பே ஆங்கில அயற்கூற்று, அதாவது ஒருவர் சொன்னதை நம் வசனத்தில் திருப்பிச் சொல்வது, எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ரியூசனில் தந்த அட்டவணை என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. ‘இஸ்’ வந்தால் ‘வோஸ்’, ‘வில்’ வந்தால் ‘வுட்’, ‘டுமோரோ’ வந்தால் ‘த நெக்ஸ்ட் டே’, ‘ஹியர்’ வந்தால் ‘தெயர்’. பத்து வசனம் தந்தால் பத்தையும் மாற்றிவிடுவேன். பரீட்சையில் அந்தப் பகுதிக்கு முழுப் புள்ளி வரும் என்று எனக்கு நிச்சயம் தெரியும்.

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து தெற்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்குப் போனேன். முதல் வருடம், முதல் பருவம். வேதியியல் செய்முறை வகுப்புக்குப் போகும் வழியில், நடைபாதையில் விரிவுரையாளர் என்னைக் கண்டார். தான் ஒரு கூட்டத்துக்குப் போவதாகவும், வரப் பிந்தும் என்றும், தனக்காகக் காத்திருக்கும்படி ஆய்வுகூடத்தில் சொல்லும்படியும் ஆங்கிலத்தில் சொன்னார். நான் ஓடிப்போய் அங்கு நின்ற செய்முறை உதவியாளரிடம் சொன்னது இது: ‘சேர் செட் ஐ வில் கம் லேட். ஹீ செட் வெயிட் ஃபோர் மீ.’

அவர் என்னைப் பார்த்தார். ‘நீதான் வந்துவிட்டாயே’ என்றார். நான் திரும்பவும் அதையே, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுச் செய்முறையைத் தொடங்கிவிட்டார். அரை மணித்தியாலம் கழித்து சேர் வந்தார். தொடக்கத்தில் அவர் செய்துகாட்ட வேண்டிய பகுதி கடந்துபோயிருந்தது. ‘நான் சொல்லி அனுப்பினேனே?’ என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்த இடத்தில் பிழைத்தது என்பது அந்த நேரத்தில் எனக்கு விளங்கவே இல்லை. நான் சொல்லித்தானே இருந்தேன்.

அன்று இரவு விடுதியில், ஒரு கொப்பித் தாளில் அந்த வசனத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ‘நான் பிந்தித்தான் வருவேன் என்று சேர் சொன்னார்.’ தமிழில் இது முழுமையான, பிழையில்லாத வசனம். ‘என்று’ இருக்கிறது. அதற்கு முன்னால் வரும் ‘நான்’ யார் என்பதில் தமிழ் கேட்பவருக்குக் குழப்பம் வராது. அதே ஒழுங்கை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் அந்த ‘ஐ’ சேரைக் குறிக்காது. அதைச் சொல்கிற வாய்க்கு உரியவளான என்னைத்தான் குறிக்கும். அட்டவணையில் ‘ஐ’ என்பது ‘ஹீ’ ஆகும் என்று இருந்தது. ஆனால் எனக்கு அது பரீட்சைத் தாளில் செய்கிற வேலை. நடைபாதையில் மூச்சு வாங்க ஓடும்போது வாயில் வந்தது தமிழ்.

அந்த உதவியாளர் சிங்களம் பேசுபவர். சிங்களத்திலும் ‘கியலா’ என்ற சொல் நம் ‘என்று’ செய்கிற வேலையைத்தான் செய்கிறது. நாங்கள் இருவரும் எங்கள் எங்கள் மொழியில் நின்றிருந்தால் இந்தச் சிக்கல் வந்திராது. ‘வருகிறாராம்’ என்று நாங்கள் சொல்வதை அவர்கள் ‘எனவலு’ என்பார்கள். அந்த ‘லு’வும் எங்கள் ‘ஆம்’மும் ஒரே வேலையைச் செய்பவை. இதைக் கண்டுபிடித்த நாளில் சிங்களத் தோழிகளோடு ஒரு மணித்தியாலம் ‘லு’வும் ‘ஆம்’மும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதிலிருந்து நான் கண்ட வழிதான் இன்றைக்கும் என் வகுப்பில் முதல் நாள் பாடம். ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன், தமிழுக்குள்ளேயே ஒரு படி மாறுங்கள். ‘என்று’ போட்ட வசனத்தை ‘ஆக’ போட்ட வசனமாக்குங்கள். ‘நான் பிந்தி வருவேன் என்று சேர் சொன்னார்’ என்பது ‘தான் பிந்தி வருவதாகச் சேர் சொன்னார்’ என்று ஆகும். பார்த்தீர்களா, ‘நான்’ தானாகவே ‘தான்’ ஆகிவிட்டது. அந்தத் ‘தான்’தான் ஆங்கிலத்தின் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’. ‘எனக்காகக் காத்திருங்கள் என்று சொன்னார்’ என்பது ‘தனக்காகக் காத்திருக்கச் சொன்னார்’ ஆகும். ‘காத்திருக்கச் சொன்னார்’ என்பது ஆங்கிலத்தின் ‘டோல்ட் அஸ் டு வெயிட்’ என்பதற்கு அச்சொட்டாகப் பொருந்தும். ‘வந்ததாகச் சொன்னார்’ என்றால் ‘ஹாட் கம்’. ‘வருவதாகச் சொன்னார்’ என்றால் இடத்தைப் பொறுத்து ‘வுட் கம்’ அல்லது ‘வோஸ் கமிங்’. தமிழின் நேர்கூற்றிலிருந்து ஆங்கில அயற்கூற்றுக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தால் விழுவோம். நடுவில் தமிழ் அயற்கூற்று என்ற கல்லில் ஒரு கால் வைத்தால் ஆற்றைக் கடந்துவிடலாம். ஆங்கில இலக்கணத்தை எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழை ஒளித்துவைத்துவிட்டுப் படிப்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கைக்குள் இருக்கும் கருவியை ஏன் மறைக்க வேண்டும்?

பட்டம் முடித்தபின் ஆங்கிலம் கற்பித்தலில் டிப்ளோமா செய்தேன். இப்போது புதுமுக மாணவர்களுக்கான ஆங்கிலத் தீவிர பாடநெறியில் வருகை போதனாசிரியராக இருக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தமிழ்மொழி மூலம் படித்தவர்கள். அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த இசட் புள்ளியில் ஆங்கிலத்துக்கு இடமில்லை. உயர்தரத்தில் மூன்று பிரதான பாடங்கள். ஒவ்வொரு பாடத்திலும் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்றின் சராசரியை எடுத்தால் அதுதான் இசட் புள்ளி. பொது ஆங்கிலம் என்று ஒரு வினாத்தாள் இருக்கிறது, ஆனால் அதன் பெறுபேறு இந்தக் கணக்குக்குள் வராது. அதனால் இரண்டரை வருடம் பௌதிகவியலோடும் உயிரியலோடும் மல்லுக்கட்டும் பிள்ளை ஆங்கிலத்தைத் தள்ளிவைக்கிறது. அது பிள்ளையின் குற்றமல்ல. அப்புறம் மருத்துவமோ, பொறியியலோ, விஞ்ஞானமோ கிடைத்தால் முதல் விரிவுரையிலிருந்தே எல்லாம் ஆங்கிலம்.

நான் முதலில் பாடப் புத்தகத்தில் இருந்த பயிற்சிகளைத்தான் கொடுத்தேன். யாரோ ஒரு ஜோன், யாரோ ஒரு மேரி, ‘ஐ லைக் ஆப்பிள்ஸ்’. பிள்ளைகள் சரியாகச் செய்தார்கள், என்னைப் போலவே. வெளியே போனதும் ‘மிஸ், சேர் செட் ஐ ஆம் நொட் கமிங் டுடே’ என்றார்கள், அதுவும் என்னைப் போலவே. அதனால் ஜோனையும் மேரியையும் விட்டுவிட்டு, எல்லோருக்கும் நெஞ்சில் சூடாக இருக்கும் ஒரு விடயத்தை எடுத்தேன்: அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு எப்படி வந்தார்கள் என்பது.

எங்கள் நாட்டின் உயர்கல்வி அமைப்பு அயற்கூற்றுக்கு ஒரு தங்கச் சுரங்கம். ஏனென்றால் அங்கே பல வாய்கள் பேசுகின்றன, ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு அதிகாரம். பெறுபேற்றையும் இசட் புள்ளியையும் வெளியிடுவது பரீட்சைத் திணைக்களம். ஒரு கற்கைநெறிக்குத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளியான வெட்டுப்புள்ளியை வெளியிட்டு யாருக்கு எந்தக் கற்கைநெறி என்று சொல்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது அது. பதிவுக்கு அழைப்பதும், படிப்பிப்பதும், பரீட்சை வைப்பதும் அந்தந்தப் பல்கலைக்கழகம். அதற்குள்ளும் பீடச் சபை இருக்கிறது, மூதவை என்ற செனட் இருக்கிறது, பேரவை என்ற கவுன்சில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் வாயில் எல்லாமே ‘கம்பஸ் சொன்னது’.

ஒரு நாள் காலை ஒரு பிள்ளை கலங்கிய முகத்தோடு வகுப்புக்கு வந்தது.

“மிஸ், தங்கச்சிக்குப் பதிவு நாளையோட முடியுதாம்.”

“ஆர் சொன்னது?”

“குரூப்பில வந்தது மிஸ்.”

“குரூப்பில போட்டது ஆர்? எப்ப போட்டவை?”

தேடிப் பார்த்தோம். யாரோ ஒருவருடைய குரல் பதிவு, மூன்று குழுக்களைத் தாண்டி வந்திருந்தது. ‘பதிவு நாளையோடு முடிகிறது’ என்றுதான் அதில் இருந்தது. எந்த நாளின் நாளை? முதலில் பேசியவர் அதைச் சொல்லி மூன்று நாள் ஆகியிருந்தது. உத்தியோகபூர்வ அறிவித்தலைத் திறந்து பார்த்தோம். அந்தத் திகதி வேறொரு கற்கைநெறிக்கு உரியது. தங்கைக்கு இன்னும் நாள் இருந்தது.

அன்றைய பாடத் திட்டத்தை மூடிவைத்துவிட்டு அந்தக் குரல் பதிவையே பாடமாக்கினேன். ‘டுமோரோ’ ஏன் ‘த நெக்ஸ்ட் டே’ ஆகிறது என்று அந்த அட்டவணை எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. அன்றைக்கு முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ‘நாளை’ என்ற சொல் அதைச் சொல்கிறவரின் நாளோடு கட்டப்பட்டது. சொன்ன நாளை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் கடத்தினால் அது பொய்யாகிவிடும், யாரும் பொய் சொல்லாமலேயே. ஆங்கிலம் அதனால்தான் ‘திங்கட்கிழமை சொன்னார், அதற்கு அடுத்த நாள் முடிவதாக’ என்று கேட்கிறது. இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு ‘த நெக்ஸ்ட் டே’, ‘த ஃபொலோயிங் மந்த்’, ‘த டே பிஃபோர்’ எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

காலத்தைப் பின்னுக்குத் தள்ளும் விதி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நன்றாகப் படித்த பிள்ளைகளே கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். ஆணைக்குழுவின் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் இருக்கும் விடயத்தைச் சொல்லும்படி ஒரு பயிற்சி கொடுத்தேன். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுதியது: ‘த ஹாண்ட்புக் செட் தட் ஃபோர்ட்டி பெர்சென்ட் வேர் செலெக்டட் ஒன் மெரிட்.’ அட்டவணைப்படி பிழையே இல்லை. ஆனால் வாசிப்பவர் என்ன நினைப்பார்? முன்பு அப்படி இருந்தது, இப்போது மாறிவிட்டது என்று நினைக்க இடம் இருக்கிறது. ஒரு சட்டமோ கைநூலோ அறிவித்தலோ நடைமுறையில் இருக்கும்வரை பேசிக்கொண்டே இருக்கிறது. அதனால் ‘த ஹாண்ட்புக் செஸ்’, ‘ஆர் செலெக்டட்’. மனிதர் பேசினால் பேச்சு முடிந்துவிடும், அதற்கு ‘செட்’. அவர் சொன்ன விடயம் இன்றும் உண்மையாக இருந்தால் அங்கேயும் நிகழ்காலத்தை வைத்திருக்கலாம். பின்னுக்குத் தள்ளுவதா, வைத்திருப்பதா என்பதை முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: இது இப்போதும் அப்படித்தானா, அதற்கு நான் பொறுப்பு நிற்கிறேனா?

கேள்விகள் இன்னொரு தொல்லை. ‘ஷீ ஆஸ்க்ட் வேர் வோஸ் ஐ ஃப்ரொம்’ என்று எழுதுவார்கள். நேர்க் கேள்வியின் ஒழுங்கு மனதில் நிற்கிறது. அயற்கூற்றுக்குள் போனதும் ஆங்கிலக் கேள்வி சாதாரண வசனமாகிவிடும்: ‘வேர் ஐ வோஸ் ஃப்ரொம்’. ‘வருவாயா’ என்பதில் தமிழ் கடைசியில் போடும் ‘ஆ’வை ஆங்கிலம் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ என்று முன்னுக்குக் கொண்டுவந்து வைக்கும். அப்புறம் ‘கேள்’ என்ற எங்கள் வினைச்சொல். அது வினாவுவதற்கும் செவிமடுப்பதற்கும் ஒன்றே. ஒரு பிள்ளை ‘யெஸ்டர்டே ஐ ஆஸ்க்ட் எ லெக்சர்’ என்று எழுதியதை வாசித்தபோது எனக்கு உடனே விளங்கியது, தமிழ் தெரியாத ஆசிரியருக்கு விளங்கியிருக்காது. இப்படிப்பட்ட இடங்களைக் கண்டு சொல்வதற்குத்தான் எங்களைப் போன்றவர்கள் அந்த வகுப்பில் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதைவிடப் பெரிய விடயம், நான் மாணவியாக இருந்தபோது, இறுதி வருடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஆய்வறிக்கைக்கான இலக்கிய மீளாய்வை எழுதிக்கொண்டுபோனேன். பன்னிரண்டு பக்கம். மேற்பார்வையாளர் ஒரு சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப வட்டமிட்டிருந்தார்: ‘புரூவ்ட்’. இவர் நிறுவினார், அவர் நிறுவினார், எல்லோரும் நிறுவினார்கள். ‘இவர் உண்மையில் நிறுவினாரா, அல்லது கருதினாரா?’ என்று கேட்டார். மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். அந்த ஆய்வாளர் மிகவும் பணிவாக, இப்படி இருக்கக்கூடும் என்றுதான் எழுதியிருந்தார். அவர் சொல்லாத உறுதியை அவர் வாயில் வைத்தது நான். வேறு சில பத்திகளில் யாருடைய பெயரும் இல்லாமல், மற்றவர்களின் முடிவுகளை என் சொந்த வசனங்களாக எழுதியிருந்தேன். திருட வேண்டும் என்று நினைக்கவில்லை. தமிழில் பேசும்போது ஒரு ‘ஆம்’ சேர்த்தால் போதும், ‘இது என் கண்டுபிடிப்பல்ல, கேள்விப்பட்டது’ என்று எல்லோருக்கும் விளங்கும். ஆங்கில வினைச்சொல்லோடு ஒட்ட அப்படி ஒரு விகுதி இல்லை. ஒவ்வொரு தடவையும் யார் சொன்னது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது என்னுடையது என்று ஆகிவிடும். பல்கலைக்கழகத்தில் அதற்குப் பெயர் கருத்துத் திருட்டு.

அன்றைக்கு மேற்பார்வையாளர் சொல்லி நான் செய்த வேலையை இப்போது என் பிள்ளைகளையும் செய்யச் சொல்கிறேன். ஒரு தாளில் கூறும் வினைகளை அவற்றின் பலத்தின்படி எழுதி வைப்பது. நிறுவினார், கண்டறிந்தார், காட்டுகிறார், வாதிடுகிறார், கருதுகிறார், ஐயப்படுகிறார் என்று தமிழில் முதலில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘புரூவ்ட்’, ‘ஃபவுண்ட்’, ‘ஷோஸ்’, ‘ஆர்கியூஸ்’, ‘சஜெஸ்ட்ஸ்’, ‘டவுட்ஸ்’. ஒரு கட்டுரையை வாசித்து முடித்ததும், அதை எழுதியவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று தீர்மானித்த பிறகுதான் வசனத்தைத் தொடங்க வேண்டும். இதே தாள் நிர்வாகக் கடிதங்களை வாசிக்கவும் உதவும். பீடச் சபை பரிந்துரைத்தது என்றால் இன்னும் முடிவில்லை. மூதவை அங்கீகரித்தது என்றால் முடிவு. இரண்டையும் ‘செட்’ என்று சொல்லி முடித்தால், பரீட்சை பிற்போடப்பட்டுவிட்டது என்று நம்பி ஊருக்குப் பஸ் ஏறிய பிள்ளையின் கதைதான் நடக்கும். அப்படி ஏறியவர்களை நான் அறிவேன்.

இது எங்களுக்கு அந்நியமான பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே எழுத்துகள் முப்பது ‘என்ப’ என்கிறது. ‘என்று சொல்வார்கள்’ என்பது பொருள். ‘என்மனார் புலவர்’ என்ற தொடர் அந்த நூல் முழுவதும் வந்துகொண்டே இருக்கிறது. தொல்காப்பியர் தனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே சொல்லிவிட்டுப் போகிறார். விஞ்ஞான பீடத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது முதலில் ஆச்சரியப்படுவார்கள். பிறகு ஒருவர் கட்டாயம் கேட்பார், “அப்ப ‘என்மனார் புலவர்’ தான் மிஸ், எங்கட மேற்கோளா?” நான் ஓம் என்பேன்.

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி அம்மா பயிற்சி. மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் பதிவாளர் அலுவலக உத்தியோகத்தர், ஒருவர் புதுமுக மாணவர், ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்பவர். மகாபொல புலமைப்பரிசில், விடுதி, மருத்துவப் படிவம், எதைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதன்பின் கேட்டுக்கொண்டு நின்றவர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பதுபோல் நடந்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் அம்மாமார் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “என்ன சொன்னவை?” அந்தப் பதிலில் பிள்ளைகள் ‘ஆம்’, ‘வரச் சொன்னவை’, ‘தருவினமாம்’ எல்லாவற்றையும் அநாயாசமாகப் போடுவார்கள். அது முடிந்ததும், அதே விடயத்தை உடனே விரிவுரையாளருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தமிழில் ‘வரச் சொன்னவை’ என்று வாயில் வந்த சூடு ஆறுவதற்குள் ‘டோல்ட் மீ டு கம்’ வந்துவிடும். முதல் வாரத்தில் தடுமாறுவார்கள், மூன்றாம் வாரத்தில் யார் பேசியது, எப்போது பேசியது என்பதெல்லாம் கேளாமலே வசனத்துக்குள் வரத் தொடங்கும்.

இதைத் தனியே செய்ய விரும்புகிறவர்களுக்கு வகுப்புத் தேவையில்லை. ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் போடுங்கள். முதலாவதில் அன்றைக்கு உங்களுக்கு யாரோ சொன்னதை, அவர் சொன்னபடியே, எந்த மொழியென்றாலும் எழுதுங்கள். இரண்டாவதில் ‘தான்’, ‘ஆக’, ‘ச் சொன்னார்’ போட்டுத் தமிழ் அயற்கூற்று. மூன்றாவதில் ஆங்கிலம். ஒரு நாளைக்கு மூன்று வசனம் போதும். சொன்னவரின் பெயரையும் நாளையும் ஓரத்தில் எழுத மறக்க வேண்டாம். நான் இதை இரண்டாம் வருடம் முழுக்கச் செய்தேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில், முதல் வரியில், நடைபாதையில் சேர் சொன்னது இருக்கிறது.